இரண்டு நாற்காலி போட்டால் நியாயம் வந்துவிடுமா?

காலநிலை மாற்றத்தைத் தொலைக்காட்சியும் வானொலியும் எப்படிச் சொல்கின்றன, எப்படிச் சொல்ல வேண்டும் என்று போன இதழில் கேட்டிருந்தேன். எழுதியவர்களில் பலர் அந்தத் துறையிலேயே வேலை செய்கிறவர்கள், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் யார் பெயரையும் போடவில்லை. நீளமான கடிதங்களை மட்டும் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் ஒரு செய்தி சேனலில் விவாத நெறியாளர். காலநிலை மாற்றம் என்றாலே ஏற்கிறவர் ஒருவர், மறுக்கிறவர் ஒருவர் என்று இரண்டு பேரையும் உட்கார வைக்கச் சொல்கிறார்கள். அதுதான் நடுநிலை என்கிறார்கள். எனக்கு உறுத்துகிறது. நான் நினைப்பது சரியா?

பதில்: சரிதான், உறுத்தத்தான் வேண்டும். இரண்டு பேரையும் சமமாக உட்கார வைப்பது பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் வீட்டிலிருந்து பார்க்கிறவருக்கு அந்த மேடையே ஒரு சேதி சொல்லிவிடுகிறது: விஷயம் பாதிக்குப் பாதி நிற்கிறது, விஞ்ஞானிகளே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள் என்று. விருந்தினர் வாய் திறப்பதற்கு முன்பே அது போய்ச் சேர்ந்துவிடுகிறது, அப்புறம் நீங்கள் என்ன கேட்டாலும் அதை அழிப்பது கஷ்டம்.

உண்மை நிலவரம் பாதிக்குப் பாதி இல்லை. வெயிலில் வைத்த கரியமில வாயு சாதாரணக் காற்றைவிட அதிகம் சூடாகிறது என்று யூனிஸ் ஃபுட் 1856-லேயே எழுதிவிட்டார். ஜான் டிண்டால் 1859-ல் தொடங்கிய சோதனைகளில் அந்த வாயு வெப்பக் கதிரை உறிஞ்சுவதை அளந்தார். 1896-ல் ஸ்வான்டே அர்ரீனியஸ், காற்றில் இந்த வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்தார். 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்க ஆரம்பித்தபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது அது 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன்னால் 280 அளவில்தான் இருந்தது. உலக நாடுகளின் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2021-ல் வெளியிட்ட அறிக்கை, மனிதச் செயல்கள்தான் காற்றையும் கடலையும் நிலத்தையும் சூடாக்கியிருக்கின்றன, இதில் ஐயத்துக்கு இடமில்லை என்று எழுதியது. அந்தக் குழு எவ்வளவு நிதானமாக எழுதும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வரியின் கனம் புரியும்.

இந்த 'இரண்டு நாற்காலி' பழக்கம் என்ன செய்யும் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மாக்ஸ்வெல் பாய்காஃப், ஜூல்ஸ் பாய்காஃப் என்ற சகோதரர்கள் 1988 முதல் 2002 வரை அமெரிக்காவின் நான்கு பெரிய நாளிதழ்களில் வந்த கட்டுரைகளை எடுத்து ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார்கள். பாதிக்கும் சற்று அதிகமான கட்டுரைகள், மனிதன் காரணம் என்ற கருத்துக்கும் இயற்கைதான் காரணம் என்ற கருத்துக்கும் ஏறக்குறைய சம இடம் கொடுத்திருந்தன. யாரும் பொய் எழுதவில்லை. செய்தியாளர்கள் தங்கள் தொழில் தர்மத்தைத்தான் கடைப்பிடித்தார்கள், ஆனால் வாசகனுக்குப் போய்ச் சேர்ந்த சித்திரம் தவறானது.

பிபிசி இதில் அடிபட்டுக் கற்றுக்கொண்டது. 2011-ல் மரபியல் அறிஞர் ஸ்டீவ் ஜோன்ஸ் அதன் அறிவியல் செய்திகளைப் பரிசீலித்து, ஓரமாக நிற்கும் கருத்துகளுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுக்கிறீர்கள் என்று சொன்னார். அப்படியும் 2017 ஆகஸ்டில் ஒரு காலை வானொலி நிகழ்ச்சியில் பிரிட்டனின் முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லாசன், கடந்த பத்தாண்டில் உலகச் சராசரி வெப்பநிலை லேசாகக் குறைந்திருக்கிறது என்றார். அது தவறு. நிகழ்ச்சி நடத்தியவர் மறுத்துக் கேட்கவில்லை. ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் 2018 ஏப்ரலில் இது துல்லிய விதியை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிபிசி தன் செய்தியாளர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பியது: சமநிலைக்காக ஒரு மறுப்பாளரைக் கொண்டுவர வேண்டியதில்லை, கால்பந்து ஆட்டத்தில் ஒரு அணி ஜெயித்துவிட்டது என்றால், ஜெயிக்கவில்லை என்று சொல்ல ஓர் ஆளைத் தேடிப் பிடிப்போமா என்கிற மாதிரி. உங்கள் மேலிடத்திடம் இதைக் காட்டலாம். கட்டுப்பாட்டு அமைப்பே குற்றம் கண்டது நடுநிலைக் குறைவுக்காக இல்லை, தவறான தகவலைக் கேள்வி கேட்காமல் விட்டதற்காக.

நான் வானொலியில் தயாரிப்பாளராக இருந்த காலத்தில் இதே தவறைச் செய்திருக்கிறேன். ஓர் ஆய்வாளர், எதிரே பேச்சில் கெட்டிக்காரரான ஒரு மறுப்பாளர். நிகழ்ச்சி விறுவிறுப்பாகப் போனது, எல்லோரும் பாராட்டினார்கள். முடிந்ததும் ஒரு பெரியவர் போன் செய்து, "அப்போ இன்னும் முடிவாகலையா தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் மனதில் போட்டது நான்தான். இத்தனை வருஷம் கழித்தும் அது எனக்குள் இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் மாற்றுக் கருத்துக்கே இடம் கிடையாதா? இது தணிக்கை இல்லையா?

பதில்: இடம் உண்டு, நிறையவே உண்டு, சரியான கேள்விக்கு முன்னால். பூமி சூடாகிறதா, மனிதன் காரணமா என்பது முடிந்த விஷயம். அதனால் என்ன செய்வது என்பது முடியாத விஷயம், அதில்தான் நேர்மையான மனிதர்கள் கடுமையாக மோதிக்கொள்கிறார்கள். அணு உலை வேண்டுமா? கரிம வரி போட்டால் ஏழைகள் தலையில் விழாதா? நிலக்கரிச் சுரங்கத்தை மூடினால் அங்கே வேலை செய்கிறவர்கள் எங்கே போவார்கள்? இத்தனை காலம் புகை விட்டு வளர்ந்த நாடுகள் எவ்வளவு தர வேண்டும்? இதுவரை எரிபொருளிலிருந்து வெளியான கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்காவுடையது. காலநிலை மாற்றத்தால் வரும் இழப்புக்கும் சேதத்துக்கும் ஒரு நிதி வேண்டும் என்று ஏழை நாடுகள் பல ஆண்டுகள் போராடி, 2022-ல் எகிப்தில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில்தான் ஒப்புதல் கிடைத்தது, அதை நடைமுறைக்குக் கொண்டுவர அடுத்த ஆண்டு துபாய் மாநாடு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதில் எவ்வளவு விவாதம் இருக்கிறது பாருங்கள்! இரண்டு நாற்காலி போதாது, ஐந்து போடலாம். மறுப்பாளருக்கு ஒதுக்கிய நேரத்தை எடுத்துச் சுரங்கத் தொழிலாளிக்கும் பொருளாதார நிபுணருக்கும் கடலோரத்தில் வீட்டை இழந்தவருக்கும் கொடுங்கள், நிகழ்ச்சியில் சூடும் குறையாது.

அறிவியலுக்குள்ளேயும் உண்மையான விவாதங்கள் இருக்கின்றன. கரியமில வாயு இரட்டிப்பானால் கடைசியில் எவ்வளவு சூடாகும் என்பதற்கு ஐபிசிசி ஒற்றை எண் சொல்வதில்லை. பெரும்பாலும் 2.5 முதல் 4 டிகிரிக்குள், நல்ல மதிப்பீடு 3 என்கிறது. மேகங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பது இன்னும் பெரிய தலைவலி. இதை இரண்டு விஞ்ஞானிகளை வைத்துப் பேசினால் அருமையான நிகழ்ச்சி கிடைக்கும்.

ஒரு விஷயம் மட்டும். மறுப்பவர் அமைச்சராகவோ கட்சித் தலைவராகவோ இருந்தால் அவரைக் கூப்பிடாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது, ஏனென்றால் முடிவெடுக்கிறவர் என்ன நம்புகிறார் என்று மக்களுக்குத் தெரிய வேண்டும். அப்போது அவரை அறிவியல் சாட்சியாக உட்கார வைக்காதீர்கள். முடிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவராக உட்கார வையுங்கள். ஏதாவது ஆய்வு மையத்தின் பெயரில் வருகிறவர் என்றால் அந்த மையத்துக்கு யார் பணம் தருகிறார்கள் என்று விசாரித்து, தெரிந்ததை நிகழ்ச்சியிலேயே சொல்லுங்கள். சொல்ல மறுத்தால், மறுத்தார் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: நான் அறிவியல் படித்தவள் இல்லை. நேரலையில் விருந்தினர் ஏதாவது புள்ளிவிவரத்தை எடுத்து வீசினால் எனக்குக் கை கால் ஓடாது. சிரித்து மழுப்பிவிட்டு இடைவேளைக்குப் போய்விடுகிறேன். என்ன செய்வது?

பதில்: முதலில் தைரியமாக இருங்கள். நீங்கள் பட்டம் வாங்க வேண்டியதில்லை, ஏனென்றால் திரும்பத் திரும்ப வருவது ஏழெட்டு வாதங்கள்தான், முப்பது வருஷமாக அதே வாதங்கள். ஒரு மாலை நேரம் உட்கார்ந்து படித்தால் போதும்.

சூரியன்தான் காரணம் என்பார்கள். 1970-களின் கடைசியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரிய ஆற்றலை அளக்கின்றன, அதில் ஏறுமுகம் இல்லை. இன்னொரு தடயமும் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது: சூரியன் காரணம் என்றால் வளிமண்டலம் மேலும் கீழும் சேர்ந்து சூடாக வேண்டும். நடப்பது என்னவென்றால் கீழ்ப்பகுதி சூடாகிறது, மேலே இருக்கும் அடுக்கு குளிர்கிறது. கீழே வெப்பம் பிடித்து வைக்கப்படுகிறது என்பதற்கு அது கைரேகை மாதிரி. எரிமலை என்பார்கள். உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் விடும் கரியமில வாயு, மனிதர்கள் விடுவதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பூமி எப்போதும் மாறிக்கொண்டுதானே இருந்தது என்பார்கள். உண்மைதான், கடைசிப் பனியுகத்திலிருந்து மீண்டபோது ஏறக்குறைய 5 டிகிரி ஏறியது, ஆனால் அதற்குச் சுமார் 10,000 ஆண்டு ஆனது. இப்போது ஒன்றரை நூற்றாண்டுக்குள் ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. 1998-க்குப் பிறகு சூடு ஏறவில்லை என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், இன்னமும் சிலர் சொல்கிறார்கள். 1998 பலமான எல் நினோ ஆண்டு (பசிபிக் கடல் சூடாகி உலக வெப்பநிலையைத் தற்காலிகமாக ஏற்றிவிடும் நிகழ்வு அது), அந்த உச்சியிலிருந்து கோடு போட ஆரம்பித்தால் எதுவும் சமமாகத்தான் தெரியும். 2024 வரையிலான பதிவுகளில் மிக வெப்பமான பத்து ஆண்டுகள் 2015 முதல் 2024 வரையிலான பத்தும்தான். அப்புறம் 2009-ல் பிரிட்டனின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்திலிருந்து திருடி வெளியிட்ட காலநிலை விஞ்ஞானிகளின் மின்னஞ்சல்கள், அவர்கள் தரவைத் திரித்ததற்கு அவைதான் ஆதாரம் என்பார்கள். பல விசாரணைகள் நடந்தன, தரவைத் திரித்ததாக ஒன்றும் சொல்லவில்லை. தரவைப் பகிர்வதில் இன்னும் வெளிப்படையாக இருந்திருக்கலாம் என்று குறை சொன்னது உண்மை, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தெரியாத எண்ணை ஒருவர் வீசினால்? "இந்த எண் எங்கிருந்து எடுத்தது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே தடுமாறுவார். தடுமாறாவிட்டால், "சரிபார்த்துவிட்டு நிகழ்ச்சி முடிவதற்குள் சொல்கிறோம்" என்று சொல்லி உள்ளே இருக்கும் ஒருவரைச் சரிபார்க்க விடுங்கள், முடிவதற்குள் சொல்லவும் செய்யுங்கள். அடுத்த நாள் வலைப்பக்கத்தில் ஒரு மூலையில் திருத்தம் போடுவது, பார்த்தவர் காதுக்கு எட்டாது.

திருத்தும்போது ஒரு வரிசை இருக்கிறது. உண்மையை முதலில் சொல்லுங்கள், தவறு எங்கே என்று சுருக்கமாகக் காட்டுங்கள், திரும்பவும் உண்மையில் வந்து நில்லுங்கள். தவறான வாக்கியத்தைக் கேள்விக்குறியோடு கீழே ஓடும் எழுத்தில் போடாதீர்கள், தயவுசெய்து. சத்தம் குறைத்து வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கேள்விக்குறி கண்ணில் படாது.

கேள்வி: வெள்ளம் வந்தாலும் வெயில் அடித்தாலும் காலநிலை மாற்றம் என்று சொல்லிவிடலாமா? எங்கள் டெஸ்க்கில் தினமும் இதுதான் சண்டை.

பதில்: நல்ல சண்டை. ஒரு காலத்தில் 'தனியொரு நிகழ்வுக்குக் காலநிலை மாற்றம் காரணம் என்று சொல்லவே முடியாது' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். அந்தப் பதில் பழசாகிவிட்டது. உலக வானிலைக் காரண ஆய்வுக் குழு என்று பொருள்படும் வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் மாதிரியான விஞ்ஞானிகள் இப்போது சில நாட்களில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். ஃபிரடரிக்கே ஓட்டோ, மறைந்த ஹெர்ட் யான் வான் ஓல்டன்போர்க் ஆகியோர் கட்டி எழுப்பிய குழு அது. அவர்கள் கேட்கும் கேள்வி எளிமையானது: மனிதன் சூடாக்காத ஓர் உலகத்தில் இதே நிகழ்வு எவ்வளவு அடிக்கடி வந்திருக்கும், எவ்வளவு தீவிரமாக வந்திருக்கும்?

2021 ஜூன் 29 அன்று கனடாவின் லிட்டன் என்ற சின்ன ஊரில் 49.6 டிகிரி பதிவானது. அந்த வெப்ப அலைக்கு முன்பு அந்த நாட்டின் உச்சம் 45 டிகிரி, 1937-ல் பதிவானது. அடுத்த நாள் அந்த ஊரின் பெரும்பகுதி தீயில் எரிந்துபோனது. காலநிலை மாற்றம் இல்லாமல் அந்த வெப்பம் கிட்டத்தட்ட நடந்தேயிருக்க முடியாது என்றது ஆய்வு. அதே ஆண்டு தெற்கு மடகாஸ்கரில் கடும் வறட்சி, பட்டினி. காலநிலை மாற்றத்தால் வந்த முதல் பஞ்சம் என்று உலகம் முழுவதும் செய்தி போனது. அதே குழு ஆராய்ந்து, இந்த மழைக்குறைவில் காலநிலை மாற்றத்தின் பங்கு இருந்தாலும் மிகச் சிறியதே, வறுமையும் மழையை மட்டும் நம்பிய விவசாயமும்தான் பட்டினியை இவ்வளவு பெரிதாக்கின என்று சொன்னது. இந்த இரண்டாவது முடிவையும் முதல் முடிவைப் போலவே சத்தமாக ஒளிபரப்ப வேண்டும். 'ஆமாம்' என்று வரும்போது மட்டும் ஒளிபரப்பினால் நாம் நியாயமாக இல்லை, 'இல்லை' என்பதையும் சொன்ன சேனல் அடுத்த முறை 'ஆமாம்' என்று சொல்லும்போது அதற்கு எடை இருக்கும்.

ஆய்வு வருவதற்கு முன்னால், முதல் நாளே என்ன சொல்வது? நிகழ்வின் வகையைப் பொறுத்துச் சொல்லுங்கள். வெப்ப அலை என்றால் தயங்க வேண்டாம், பூமி சூடாவதால் வெப்ப அலைகள் அடிக்கடியும் கடுமையாகவும் வருகின்றன என்று நேராகச் சொல்லலாம். கனமழை என்றால், ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும், அதனால் கொட்டும்போது அதிகமாகக் கொட்டுகிறது என்று காரணத்தோடு சொல்லுங்கள். புயல் என்றால் கொஞ்சம் கவனம்: புயல்களின் எண்ணிக்கை கூடுகிறது என்று சொல்லாதீர்கள், அவை கொண்டுவரும் மழையும் கடல் மட்டம் உயர்ந்ததால் உள்ளே வரும் அலைநீரும் கூடுகின்றன என்று சொல்லுங்கள். வறட்சி என்றால் இடத்துக்கு இடம் மாறும், ஆய்வுக்குக் காத்திருங்கள்.

இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். வெள்ளத்தில் மக்கள் சாவது மழையால் மட்டும் இல்லை. வடிகால் அடைபட்டிருக்கலாம், ஏரிக்குள் வீடு கட்ட அனுமதி கொடுத்திருக்கலாம், எச்சரிக்கை போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். 'எல்லாம் காலநிலை மாற்றம், எங்களால் என்ன செய்ய முடியும்' என்று ஓர் அதிகாரி கை விரித்தால் அதையும் விடாமல் கேள்வி கேளுங்கள். மழை ஏன் கூடியது என்பது ஒரு கேள்வி, ஆட்கள் ஏன் செத்தார்கள் என்பது வேறு கேள்வி.

கேள்வி: விஞ்ஞானியிடம் மைக்கை நீட்டினால் 'வாய்ப்புள்ளது', 'நம்பிக்கை நடுத்தரம்' என்று இழுக்கிறார். ஒளிபரப்ப ஒரு சின்னப் பேச்சுத் துண்டு, அதாவது பைட், எடுக்கவே முடியவில்லை.

பதில்: அவர் இழுக்கவில்லை, அவருடைய மொழி அது. ஐபிசிசி அறிக்கையில் 'வாய்ப்புண்டு' என்றால் 66 சதவீதத்துக்கு மேல், 'மிகவும் வாய்ப்புண்டு' என்றால் 90-க்கு மேல், 'ஏறக்குறைய உறுதி' என்றால் 99-க்கு மேல் என்று அளவு வைத்திருக்கிறார்கள். சாதாரணப் பேச்சில் 'மழை வர வாய்ப்புண்டு' என்றால் நாம் குடையே எடுக்க மாட்டோம், அங்கேதான் குழப்பம். ஆகவே எண்ணாகச் சொல்லுங்கள்: 'பத்தில் ஒன்பது வாய்ப்பு.' பிறகு விஞ்ஞானியிடம், "இதில் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன?" என்று முதலில் கேட்டுவிட்டு, "தெரியாதது என்ன?" என்று அப்புறம் கேளுங்கள். வரிசையை மாற்றிக் கேட்டால் பேட்டி முழுக்கத் தயக்கமாகவே ஒலிக்கும். ஓர் உதாரணம்: 2024-ல் உலகச் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம் என்றது உலக வானிலை அமைப்பு. உடனே 'பாரிஸ் ஒப்பந்தம் தோற்றது' என்று தலைப்பு போட்டவர்கள் உண்டு. பூமி சூடாவதைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட அந்த ஒப்பந்தத்தின் 1.5 டிகிரி இலக்கு ஒரே ஓர் ஆண்டைப் பற்றியது இல்லை, இருபது முப்பது ஆண்டுச் சராசரியைப் பற்றியது.

கேள்வி: பயமுறுத்தினால்தான் பார்க்கிறார்கள் என்கிறார் ஆசிரியர். பயமுறுத்தினால் சேனலை மாற்றுகிறார்கள் என்கிறேன் நான்.

பதில்: நான் உங்கள் பக்கம், ஆனால் காரணம் வேறு. மிகைப்படுத்தினால் பிறகு பிடிபடுவோம். 2018-ல் ஐபிசிசியின் சிறப்பு அறிக்கை, 1.5 டிகிரிக்குள் நிற்க வேண்டுமானால் 2030-க்குள் கரியமில வாயு உமிழ்வு 2010 அளவிலிருந்து சுமார் 45 சதவீதம் குறைய வேண்டும் என்று கணக்குச் சொன்னது. செய்தியில் அது 'உலகைக் காப்பாற்ற 12 ஆண்டுகள்தான்' என்று மாறியது. அறிக்கை அப்படி ஒரு கடைசி நாள் குறிக்கவே இல்லை. ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு டிகிரியும் கணக்கில் வரும், 1.6 என்பது 1.5-ஐ விட மோசம், 1.7 அதைவிட மோசம், அதனால் எந்தக் கட்டத்திலும் கையை விரிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். இப்போது 2030 நெருங்குகிறது, அந்தத் தலைப்பு போட்டவர்களைப் பார்த்து 'என்ன ஆச்சு உங்கள் கெடு' என்று கேட்கப்போகிறார்கள்.

தவறு நடந்தால் திருத்துவதையும் வெளிச்சத்தில் செய்யுங்கள். இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் காணாமல் போகலாம் என்று ஐபிசிசியின் 2007 அறிக்கையில் ஒரு வரி புகுந்துவிட்டது, ஆதாரம் இல்லாத வரி. 2010 ஜனவரியில் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். பனியாறுகள் உருகுவது உண்மை, அந்த ஆண்டு மட்டும் பொய். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர்தான் இந்தத் துறைக்கு வேண்டும்.

படங்களையும் பாருங்கள். 'வெப்ப அலையில் பலர் பலி' என்று குரல் போகும், திரையில் குழந்தைகள் நீரூற்றில் குதித்துச் சிரிக்கும். 2003-ல் ஐரோப்பிய வெப்ப அலையில் சுமார் 70,000 பேர் செத்தார்கள். வயதானவர்கள், தனியாக இருந்தவர்கள், மூடிய அறைக்குள். வெளியே வேலை செய்கிறவரின் முதுகைக் காட்டுங்கள், மருத்துவமனை வராந்தாவைக் காட்டுங்கள்.

பயமுறுத்தாமலும் மழுப்பாமலும் சொல்ல வழிகள் இருக்கின்றன. பிரான்ஸ் தொலைக்காட்சி 2023 மார்ச்சில் வழக்கமான வானிலை அறிவிப்பை 'வானிலை-காலநிலை' நிகழ்ச்சியாக மாற்றியது. வெப்பம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஓடிக்கொண்டே இருக்கும் எண் ஒன்று திரையில் இருக்கும், நேயர்கள் அனுப்பும் கேள்விக்கு ஒரு விஞ்ஞானி பதில் சொல்வார். அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் ஜிம் காண்டி என்ற வானிலை அறிவிப்பாளர் 2010-லேயே வானிலை நேரத்துக்குள் குட்டிக் குட்டியாகக் காலநிலை விளக்கம் சேர்க்க ஆரம்பித்தார். அந்த வட்டாரத்தில் இந்தப் பேச்சுக்கு எதிர்ப்பு அதிகம். அவர் அரசியல் பேசவில்லை. தொட்டால் அரிக்கும் ஒரு காட்டுக்கொடி, காற்றில் கரியமில வாயு கூடினால் இன்னும் செழித்து இன்னும் அரிக்கும் என்று சொன்னார். தோட்டத்தில் வேலை செய்கிற யாருக்கும் அது புரியும். அவர் நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட இந்த விஷயத்தை நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து சொன்னார்கள்.

கேள்வி: வானிலை வாசிக்கிறேன். காலநிலை மாற்றம் என்ற சொல்லை உச்சரித்தாலே வசவு வருகிறது. விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

பதில்: உங்கள் கடிதம் படித்து மனசு கனத்துப்போனது. அமெரிக்காவின் அயோவாவில் கிறிஸ் குளோனிங்கர் என்ற வானிலை அறிவிப்பாளருக்குக் கொலை மிரட்டலே வந்தது, அவர் 2023-ல் அந்த வேலையை விட்டுப் போனார். அவரைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. உங்களையும் சொல்ல மாட்டேன். ஆனால் இதை நீங்கள் தனியாகத் தாங்க வேண்டியதில்லை. வரும் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள், மிரட்டல் என்றால் நிறுவனமே புகார் கொடுக்க வேண்டும், நீங்கள் சொந்தப் பெயரில் கொடுப்பதாக இருக்கக் கூடாது. பதில் எழுதும் வேலையையும் உங்களிடமிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒரு விஷயம் கவனியுங்கள்: திட்டி எழுதுகிறவர்கள் தினமும் எழுதுவார்கள், உங்களால் ஏதோ புரிந்துகொண்டவர் ஒருமுறைகூட எழுத மாட்டார். வருகிற கடிதங்களை வைத்து நேயர்களை எடை போடாதீர்கள்.

கேள்வி: சின்ன வானொலி எங்களுடையது. இரண்டே பேர். அறிவியல் செய்தியாளர் எல்லாம் கனவு. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: தொலைபேசியிலிருந்து. உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தில், வானிலை மையத்தில், மருத்துவக் கல்லூரியில் இந்த விஷயம் தெரிந்த ஆறு பேரைக் கண்டுபிடியுங்கள். ஆறு பேரும் பேராசிரியர்களாக இருக்க வேண்டாம், ஒரு மருத்துவர், ஒரு விவசாய ஆய்வாளர், நீர்மட்டம் அளக்கிற ஒரு பொறியாளர் என்று கலந்து இருக்கட்டும். செய்தி எதுவும் இல்லாத ஒரு நாளில் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசுங்கள், மைக் இல்லாமல். எந்தக் கேள்விக்கு அவர் உறுதியாகப் பதில் சொல்வார், எதற்கு வேறொருவரைக் கைகாட்டுவார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி வரை போன் எடுப்பார் என்பதையும் கேட்டு வையுங்கள். வெள்ளம் வந்த இரவில் முதல்முறையாக ஓர் அந்நியர் கூப்பிட்டால் பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள், எடுக்கிறவரும் பயந்து பயந்துதான் பேசுவார்.